மோகமுள்: பாபுவின் தவிப்பும் யமுனாவின் கணக்கும்

மோகமுள், தி. ஜானகிராமன் (1921–1982) எழுதிய நாவல். சுதேசமித்திரன் இதழில் தொடராக வந்து, 1964-இல் நூலாயிற்று. கும்பகோணம் இதன் முதன்மையான களம். தன்னைவிடப் பத்து வயது மூத்தவளான யமுனாவின்மேல் பாபு என்ற இளைஞன் கொள்ளும் காதலும், அந்தக் காதல் அவனுடைய சங்கீதப் பயிற்சியோடு முட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் பல ஆண்டுகள் நகர்வதும் இதன் கதை.

இந்நாவலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி பாபுவின் பக்கம் நின்று எழுதப்பட்டது. மோகம், அதன் முள், அதிலிருந்து இசை வழியாக ஒருவன் மேலெழுவது என்று அந்த வாசிப்பு போகும். நாவலின் தலைப்பே அப்படிப் படிக்கச் சொல்கிறது என்பதால் அதில் பிழையும் இல்லை. ஆனால் பாபுவை ஒதுக்கி வைத்துவிட்டு, யமுனா எந்த இடத்தில் எதை மறுக்கிறாள், எப்போது ஒப்புகிறாள், அப்போதெல்லாம் அவள் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் இதே நாவல் வேறொரு கதை சொல்கிறது. இக்கட்டுரை அந்த வாசிப்பைப் பற்றியது.

நான் இந்நாவலை முதலில் படித்தது பி.எட். படிக்கும்போது, மாணவியர் விடுதியில். ஒரே பிரதி ஆறு பேரிடம் சுற்றியது. எங்கள் எல்லோருக்கும் பாபுவின்மேல் இரக்கம். யமுனாவின்மேல் கொஞ்சம் கோபம். இவ்வளவு உருகுகிறவனை இப்படி ஆண்டுக்கணக்கில் காயப்போடுகிறாளே என்று. பணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் படித்தபோது அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாவலில் ஒரு வரியும் மாறவில்லை என்பதால், அப்போது நாங்கள் தாண்டிப் போன பக்கங்கள் எவை என்று தேடத் தோன்றியது.

யமுனாவின் வீடு

யமுனாவின் தாய் பார்வதி, தஞ்சை மராத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தந்தை சுப்பிரமணிய ஐயர், நிலபுலம் உள்ளவர், ஏற்கெனவே மணமானவர். பார்வதியை அவருக்கு இரண்டாம் தாரம் என்று சொல்வோரும் உண்டு. அதைவிடத் தாழ்ந்த சொல்லால் குறிப்போரும் உண்டு. ஊர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மகளின் வாழ்க்கை அமைகிறது.

தஞ்சைப் பகுதியில் மராத்தியர் இருப்பதன் பின்னணி தமிழ் வாசகர் அறிந்ததே. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இன்றி இறந்ததும் அந்த அரசு முடிந்தது. சரசுவதி மகால் நூலகமும் மோடி ஆவணங்களும் நின்றன. அரசோடு வந்த குடும்பங்களும் ஊர் ஊராக நின்றுவிட்டன. வீட்டுக்குள் மராத்தி, தெருவில் தமிழ். பெருமை உண்டு, பிடிமானம் இல்லை. ஜானகிராமன் இந்த வரலாற்றை எங்கும் பாடமாக நடத்துவதில்லை. பார்வதியின் பேச்சிலும், யமுனாவின் நிறத்தையும் நடையையும் பாபு பார்க்கும் விதத்திலும் அது தானாகத் தெரிகிறது. அவள் இந்தத் தெருவுக்குச் சொந்தமானவள் அல்லள் என்ற எண்ணம்தான் அவளைப் பாபுவுக்குத் தெய்வம்போலக் காட்டுகிறது. அதே எண்ணம்தான் பெண் பார்க்க வருகிறவர்களைத் திரும்பிப் போகவும் செய்கிறது. ஒரே காரணத்தால் ஒருவன் கும்பிடுகிறான், மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். நாவலின் மிக நுட்பமான பின்னல் இதுவென்று கருதுகிறேன்.

வரன் வருவதும் கலைவதும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. பெண் அழகி, படிக்கத் தெரிந்தவள், நிதானமானவள். ஆனால் தாய் யார் என்ற கேள்வி வந்ததும் வந்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். தந்தை இறந்ததும் வரும்படி சுருங்குகிறது. நாவலில் சாப்பாட்டைப் பற்றிய குறிப்புகள் குறைந்துகொண்டே போகும் வீடு இதுதான். பாபு தங்கும் இடங்களிலெல்லாம் காப்பி வருகிறது, பலகாரம் வருகிறது, விருந்துச் சாப்பாடு நடக்கிறது. தஞ்சை மாவட்டத்துச் சாப்பாட்டை இவ்வளவு ருசியோடு எழுதிய ஒருவர், யமுனாவின் வீட்டுக்கு வரும்போது மட்டும் பாத்திரங்களை மெல்ல மெல்ல அப்புறப்படுத்துகிறார். இளவயதில் நாங்கள் தாண்டிப் போன பக்கங்கள் இவைதான்.

பொருந்தாமை என்பது எது

பாபுவுக்கும் யமுனாவுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மை என்றால் உடனே வயதைச் சொல்வார்கள். பத்து வயது இடைவெளி. ஆனால் கதை நடக்கும் காலத்தில் பத்து வயது இடைவெளி என்பது எந்த வீட்டிலும் பேச்சுக்குரிய செய்தி இல்லை, மூத்தவர் ஆணாக இருக்கும் வரை. ஆசிரியர் இதை வாதமாக வைக்காமல், பாபு தங்கியிருக்கும் இடத்துக்கு அடுத்த வீட்டிலேயே சாட்சியாக வைத்துவிடுகிறார். அங்கே தங்கம்மா என்ற இளம்பெண் ஒரு கிழவருக்கு மனைவியாக இருக்கிறாள். அந்தத் திருமணம் சாத்திரப்படி நடந்தது. ஊர் வந்து சாப்பிட்டுப் போயிருக்கும். பாபு யமுனாவை நினைப்பதுதான் ஊருக்கு ஒவ்வாதது.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவு வருவது, நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் உடன் வேலை பார்த்த ஆசிரியை. கணவரைவிட அவர் நான்கு வயது மூத்தவர். பதினைந்து ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாது. ஒரு முறை கடன் விண்ணப்பத்துக்காக இருவருடைய பணிப்பதிவேடுகளும் ஒரே மேசையில் இருந்தபோது யாரோ பிறந்த தேதியைப் பார்த்துவிட்டார்கள். மறுநாளே ஆசிரியர் அறையில் பேச்சு. நான்கு வயதுக்கு, அதுவும் தொண்ணூறுகளில், இரண்டு பிள்ளைகள் பெற்ற பின்னும் அந்தப் பேச்சு எழுந்தது. பாபுவின் காலத்தில் பத்து வயது என்பது எவ்வளவு கனமான பேச்சாக இருந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனினும், வயது வெளியே தெரியும் பொருத்தமின்மை மட்டுமே. உள்ளே இருப்பது வேறு. பாபுவுக்குத் தகப்பனார் இருக்கிறார். அன்பானவர், சங்கீத ரசிகர், மகனைக் கடிந்து பேசத் தெரியாதவர். படிப்பு இருக்கிறது. ராஜம் என்ற நண்பன் இருக்கிறான், எந்த நேரத்திலும் காது கொடுப்பவன். ரங்கண்ணா என்ற குரு கிடைக்கிறார். ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்கும். யமுனாவுக்கு ஒரு தாய் மட்டும் உண்டு; அந்தத் தாயும் தன் வாழ்க்கையின் கசப்பை மகளிடம்தான் கொட்டுவாள். இருவரும் மனத்தால் நொய்ந்தவர்கள்தாம். பாபு ஒரு சொல் தாங்கமாட்டான். அழுவான், ஓடுவான், திரும்ப வருவான். யமுனா அழுவதில்லை. அழுதால் தூக்கிவிட ஆள் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் மனிதர்கள் அழுகிறார்கள். அவளுடைய பெருந்தன்மை என்றும் தெய்வத்தன்மை என்றும் பாபு கொண்டாடும் அந்த நிதானத்தில் பாதி, தாங்குவாரற்ற நிலை கற்றுக்கொடுத்தது.

தங்கம்மா

தங்கம்மாவின் பகுதி நாவலில் நீளமானதன்று. ஆனால் பாபுவின் காதலை எடைபோட அதைவிடச் சரியான தராசு வேறில்லை.

ஒரு இரவு தங்கம்மா அவனைத் தேடி வருகிறாள், அவனும் இணங்கிவிடுகிறான். பிறகு குற்ற உணர்வு அவனைப் பிடித்து ஆட்டுகிறது. அந்தக் குற்ற உணர்வு யாரை நோக்கியது என்று பார்க்க வேண்டும். தங்கம்மாவை நோக்கி அன்று. யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாக அவன் துடிக்கிறான்; அதுவரை யமுனாவிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை என்பதையும் மறந்து. அந்தத் துடிப்பிலிருந்துதான் யமுனாவின்மேல் தனக்கு இருப்பது காதல் என்பதையே கண்டுகொள்கிறான். பின்னர் தங்கம்மா மறுபடி நெருங்கும்போது விலக்கிவிடுகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள்.

யமுனாவின்மேல் உள்ள காதல் பாபுவை உயர்த்தியது என்று சொல்பவர்கள், அந்த உயர்வுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பிணம் விழுந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாபு கெட்டவன் என்பது இதன் பொருளல்ல. இருபது வயதுப் பையன், பயந்துபோனான். ஆனால் தன் பயத்துக்கு அவன் தூய்மை என்று பெயர் வைத்துக்கொண்டான். ஆசிரியருக்கு இது தெரியுமா? தெரியும் என்றே நினைக்கிறேன். தங்கம்மாவைப் பற்றி எழுதும்போது அவருடைய மொழியில் கண்டனம் ஒரு துளியும் இல்லை. அவளை ஆசைபிடித்தவளாக்கிக் கதையைச் சுலபமாக நகர்த்தியிருக்கலாம். அந்தக் காலத்துத் தொடர்கதைகளுக்கு அது பழக்கமான வழி. இவர் அதைச் செய்யவில்லை. ஆனால் அவள் இறந்தபின் நாவல் அவளை வெகு விரைவில் விட்டுவிடுகிறது. பாபுவின் வருத்தம் மறுபடி யமுனாவையே சுற்றத் தொடங்கிவிடுகிறது. தங்கம்மாவின் சாவுக்கு நாவல் கொடுத்த இடம் போதாது என்பது என் முடிவு.

மறுப்பு

பாபு தன் மனத்தைத் திறந்து சொல்லும்போது யமுனா மறுக்கிறாள். அந்த மறுப்பில் வெறுப்பு இல்லை. அவனை விரட்டவும் இல்லை. சிறுவனாகப் பார்த்தவன், வீட்டுக்கு வந்துபோகும் உரிமை உள்ளவன், தன்னை வணங்குகிறவன். அவன் இப்போது கேட்பதைக் கொடுத்தால் அந்த மூன்றும் போய்விடும். கொடுக்காவிட்டாலும் ஒருவேளை போய்விடும்.

அவள் ஏன் மறுக்கிறாள் என்பதற்கு வாசகர்கள் சொல்லும் காரணம் வயதும் ஊர்ப்பேச்சும். அவை உண்மையே. ஆனால் அவளுக்கு அதைவிட அருகில் ஒரு காரணம் இருக்கிறது. அது அவள் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. மேல்குலத்து ஆண் ஒருவன் ஆசைப்பட்டு ஒரு மராத்தியப் பெண்ணோடு வாழ்ந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் கிடைக்கும், அவள் மகளுக்கு என்ன ஆகும் என்பதை அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுப்பிரமணிய ஐயர் நல்லவர்தாம்; பார்வதியை அன்போடுதான் வைத்திருந்தார். நல்லவருடைய அன்பின் விளைவுதான் யமுனா. பாபு நல்லவன் என்பது அவளுக்கு எப்படி ஆறுதலாகும்?

சட்டங்களும் அப்போது வேறாக இருந்தன. சென்னை மாகாணத்தில் இந்துக்களிடையே இருதார மணம் தடை செய்யப்பட்டது 1949-இல். அதே 1949-இல்தான் சாதி கடந்த இந்துத் திருமணங்கள் செல்லும் என்று உறுதிசெய்யும் நடுவண் சட்டமும் வந்தது. யமுனா பிறந்து வளர்ந்த காலம் அவற்றுக்கு முந்தியது. பெற்றோருடைய அன்பு சட்டத்திலும் ஊரிலும் உறுதியாகக் கால் ஊன்ற முடியாத ஒரு வீட்டில், இன்னொரு அன்பு வாசலில் வந்து நிற்கிறது. அவள் கதவைச் சாத்துகிறாள். நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன்.

வறுமை முற்றும்போது தாய் நடந்த வழியிலேயே மகளையும் அனுப்பலாம் என்ற யோசனை எழுகிறது. யமுனா அதையும் ஏற்கவில்லை. பாபுவுக்குச் சொன்ன மறுப்பும் இதுவும் ஒரே குணத்திலிருந்து வருபவை. பாபுவின் பக்கம் நின்று படிக்கும்போது முதல் மறுப்பு கொடுமையாகவும் இரண்டாவது மறுப்பு கற்பாகவும் தெரிகின்றன. அவள் பக்கம் நின்றால் இரண்டும் ஒன்றுதான்: இன்னொருவர் தயவில் வாழும் பெயர் எனக்கு வேண்டாம்.

சங்கீதமும் காத்திருப்பும்

ரங்கண்ணா பகுதிகள் நாவலின் சிகரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தமிழில் இசையை இவ்வளவு கேட்கும்படி எழுதிய உரைநடை அரிது. கச்சேரி, கைதட்டல், சன்மானம் இவற்றை ஒதுக்கிவிட்டு, நாதத்தையே உபாசனையாகக் கொண்ட கிழவர் அவர். சுருதி சேர்வதற்கே நாள்கணக்கில் உட்கார வைப்பவர். பழுக்காமல் மேடையேறாதே என்று சீடனைத் தடுப்பவர். அவருடைய இன்னொரு சீடரான பாலூர் ராமு கச்சேரி உலகில் கொடி கட்டுகிறார். அந்தப் பாதை தனக்கு வேண்டாம் என்று பாபு விலகி நிற்கிறான்.

காத்திருப்பு என்பது இங்கே கலையின் அடிப்படை விதி. தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறவனுக்கு, இன்றைக்குக் கிட்டாதது நாளைக்குக் கிட்டும். காத்திருக்கக் காத்திருக்கக் குரல் கனிகிறது. பாபு இந்த விதியை அப்படியே காதலுக்கும் கொண்டுவருகிறான். நாள் போகப்போகத் தன் அன்பு கனிகிறது என்று நம்புகிறான். அவனளவில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவன் காத்திருக்கும் அதே ஆண்டுகளில் யமுனாவுக்கு முப்பது கடக்கிறது, வரன்கள் நின்றுபோகின்றன, நிலமும் நகையும் கரைகின்றன. அவனுக்குச் சாதகமாக இருக்கும் காலம் அவளுக்குத் தேய்மானம். காலம் இருவருக்கும் ஒரே கணக்கில் ஓடவில்லை. பொருத்தமின்மை என்று இந்நாவலில் ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் நான் சுட்டுவது இதைத்தான்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. ரங்கண்ணா இறந்ததும் பாபு சங்கீதத்தை விட்டுவிடுகிறான். சென்னைக்குப் போய் ஓர் அலுவலக வேலையில் ஒதுங்கிவிடுகிறான். விட்டதற்குக் காரணமாக அவன் மனத்தில் யமுனா இருக்கிறாள். ஆனால் அவன் பாட வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதமாக இருப்பவளும் யமுனாதான். தன்னைக் காட்டி அவன் தன் கலையைக் கைவிடுவதை அவளால் ஏற்க முடியவில்லை. ஒருவருடைய வீழ்ச்சிக்குக் காரணமாக நம் பெயர் சொல்லப்படுவது எவ்வளவு பெரிய பாரம் என்று யாரும் யமுனாவுக்காக எழுதியதாக எனக்கு நினைவில்லை.

சென்னை

வறுமை முற்றி, தாயுடன் பிணங்கி, யமுனா சென்னைக்கு வருகிறாள். இளைத்துப் போயிருக்கிறாள். பட்டினி கிடந்த உடம்பு. பாபு அவளுக்குத் தங்க இடமும் பிழைக்க வழியும் தேடித் தருகிறான், மரியாதையோடு நடந்துகொள்கிறான். இப்பகுதியில் அவன் மிக நல்லவனாக இருக்கிறான். அவன் எதையும் கேட்பதில்லை. கேட்காமலேயே அவன் கண்ணில் இருக்கிறது.

பின்பு ஒரு நாள் அவளே தன்னைக் கொடுக்கிறாள். அது முடிந்ததும், இத்தனை ஆண்டுத் தவிப்பும் எதற்காக என்ற பொருள்பட அவள் கேட்கும் சிறு கேள்வி தமிழ் நாவல் வாசகர்களிடையே மிகவும் பேசப்பட்ட ஒன்று. அதைக் கேலி என்று கொண்டவர்கள் உண்டு. ஆன்மிக விழிப்பாகக் கொண்டவர்கள் உண்டு. உடலின் சிறுமையைக் காட்டி அவனை இசைக்குத் திருப்பும் குருவாகவே அவளைக் கண்டவர்களும் உண்டு.

என் வாசிப்பில் அந்தக் கேள்வி மிக எளியது. அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். ஒருவன் தன் கலையை விட்டான், ஊரை விட்டான், ஒரு பெண் செத்ததைப் பார்த்தான், தன் வாழ்க்கையையே இவளுடைய ஒரு சம்மதத்துக்காக நிறுத்தி வைத்தான். அவ்வளவு பெரிய விலைக்கு உரிய பொருள் என்னிடம் என்ன இருந்தது என்று அவளுக்கு வியப்பு. தன்னைத் தெய்வம் என்றவன் கடைசியில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டிருக்கிறான் என்ற களைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

அவள் இணங்கியது காதலாலா? நன்றியாலா? வேறு போக்கிடம் இல்லாததாலா? நாவல் இதற்கு விடை தருவதில்லை. அவள் மறுத்த காலத்தில் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது; இணங்கிய காலத்தில் இல்லை. இதைமட்டும் நாவல் தெளிவாகக் காட்டுகிறது. இதனால் பாபு அவளுடைய வறுமையைப் பயன்படுத்திக்கொண்டான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் அப்படிப்பட்டவன் அல்லன். ஆனால் வாழ்நாளெல்லாம் பிறர் தயவு வேண்டாம் என்றிருந்தவள், தயவு பெற்றபின் கடனை வைத்துக்கொள்ளாமல் தீர்த்துவிடுகிறாள் என்று படிக்கவும் அந்த அத்தியாயத்தில் இடமிருக்கிறது. அப்படிப் படித்தபின் பழைய பரவசத்தோடு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போக முடிவதில்லை.

குறைகள்

நாவலின் பெரிய குறை, கதை ஏறத்தாழ முழுவதும் பாபுவின் கண்வழியே சொல்லப்படுவது. யமுனா தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்று நாம் ஒருமுறைகூட அறிவதில்லை. பாபு வருவான், அவள் இருப்பாள். பாபு போவான், அவள் மறைந்துவிடுவாள். அவன் காணாத ஆண்டுகளில் அவள் பட்டது எல்லாம் பிறகு சில வாக்கியங்களில் செய்தியாகத்தான் வருகிறது. இது திட்டமிட்ட உத்தி என்று வாதிடலாம்: தெய்வமாக்கப்பட்டவளுக்கு மனம் இருப்பதைப் பக்தன் அறிவதில்லை என்று காட்டவே அப்படி எழுதினார் என்று. எனக்கு அது பாதிதான் ஒப்பாகிறது. பின்னாளில் அம்மா வந்தாள் நாவலின் அலங்காரத்தம்மாளை வெளியிலிருந்தே காட்டி உள்ளே இருப்பதை உணரவைத்தவர் அவர். மரப்பசுவில் ஒரு பெண்ணையே கதைசொல்லியாக்கினார். மோகமுள் எழுதும்போது அந்தத் துணிவு இன்னும் முழுதாக வரவில்லை என்றே தோன்றுகிறது.

தொடர்கதையாக வந்ததன் தழும்புகளும் உண்டு. ராஜத்தோடு பாபு பேசும் பேச்சுகள் சில இடங்களில் வாரத்தை நிரப்ப நீட்டப்பட்டவைபோல இருக்கின்றன. எல்லோரும் அழகாகப் பேசுகிறார்கள். குமாஸ்தாவும் குருவும் சமையல்காரரும் ஒரே நயத்தோடு பேசினால் காது சற்றுச் சலிக்கிறது. பாபுவின் தகப்பனார் நம்ப முடியாத அளவுக்கு நல்லவர். மகன் இப்படி ஒரு பெண்ணை விரும்புகிறான் என்று அறிந்த ஒரு கும்பகோணத்துத் தகப்பனார் அவ்வளவு மென்மையாக இருந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த மென்மையே பாபுவின் வாழ்க்கைக்குக் கிடைத்த மெத்தை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஜானகிராமன் வானொலிப் பணிக்குப் போவதற்கு முன் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இருபது வயதுப் பையன்களின் பொய்யையும் பயத்தையும் இவ்வளவு கோபமின்றி அவரால் எழுத முடிந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். வகுப்பில் நாற்பது பேரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை கொஞ்சம் வந்துவிடும்.

திரைப்படம்

ஞான ராஜசேகரன் இயக்கத்தில் மோகமுள் 1995-இல் திரைப்படமாக வந்தது. இளையராஜா இசையமைத்தார். ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு நடித்தார். அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருது இதற்குக் கிடைத்தது. நாவலின் அகன்ற உரையாடல்களைச் சுருக்கி, இசைப் பகுதிகளுக்கு உரிய இடம் தந்த கௌரவமான முயற்சி அது. படத்தில் யமுனாவாக அர்ச்சனா ஜோக்லேகர் முன்னால் நிற்பதால், பாபுவின் கண்ணை விட்டு விலகி அவள் முகத்தை நாமே பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. நாவலில் கிடைக்காத ஒன்று இது. எனினும் பார்வையாளருக்கு அழகு முதலில் தெரிந்துவிடுகிறது; பசி தெரிவதற்குப் படத்தில் நேரம் போதவில்லை.

நாவலின் முடிவில் பாபு மறுபடி சங்கீதம் கற்கப் புறப்படுகிறான். அனுப்பிவைப்பவள் யமுனா. வாசகர் பெரும்பாலும் அவனோடு சேர்ந்து ரயிலேறிப் போய்விடுகிறார்கள்; நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். இந்த முறை கும்பகோணத்துப் பெரிய வீட்டை இழந்து, தாயை விட்டு வந்து, நாற்பதை நெருங்கும் வயதில், அவன் தேடித்தந்த இடத்துக்குத் தனியாகத் திரும்பி நடக்கும் யமுனாவோடு நின்றுவிட்டேன். அன்று இரவு அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஜானகிராமன் எழுதவில்லை.